லீவு நாளில் போடாவிட்டாலும் பரவாயில்லை

"சின்ன வயசுல இவர் எப்படி இருந்தார்னு கூடவே இருந்து பார்த்த ஒருத்தர் வேணும்மா. அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் ஞானமணி சொன்னார். கூடவே இருந்து பார்த்தவர் என் மாமியார் ராக்காயிதான். திருச்சியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லி அவரை பஸ் ஏற்றினோம்.

என் கணவர் சரவணக்குமாரை நான்தான் அந்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். அன்னவாசலில் ஒரு நர்சரிப் பள்ளியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கவனம் நிற்காத, ஓர் இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்று ஆசிரியைகளுக்குச் சொல்லித் தர டாக்டர் ஞானமணி எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். ஏடிஹெச்டி என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வகுப்புப் பிள்ளைகள் யாரும் நினைவுக்கு வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவர், நாம் பேசி முடிக்கும் முன் பதில் சொல்கிறவர், சாவியோடு வண்டியை விட்டுவிட்டு வருகிறவர், எந்த வேலையிலும் நிலைக்காதவர் ஒருவர் என் வீட்டில் இருந்தார். கூட்டம் முடிந்ததும் தனியாகப் போய், "பெரியவங்களுக்கும் இது இருக்குமா மேடம்?" என்று கேட்டேன். "சின்ன வயசுல இருந்தது எங்கம்மா போயிரும்?" என்றார்.

ராக்காயி அத்தை டாக்டர் முன்னால் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனைப் பற்றி ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்பது அவருக்குப் பிடித்திருந்தது.

"அத ஏன் கேக்குறீங்க டாக்டரம்மா! ஒரு எடத்துல இருக்க மாட்டான். ஒண்ணாப்பு டீச்சரே சொல்லி விட்டுச்சு, ஒங்க புள்ளைய கட்டிப் போட்டுத்தான் வளக்கணும்னு. நானும் கட்டித்தான் போட்டேன்."

"எங்க கட்டுவீங்க?"

"மாட்டுக் கொட்டாயிலதான். நான் வயக்காட்டுக்குப் போயிட்டா யாரு பாக்குறது? இங்கிட்டு இவன், அங்கிட்டு கன்னுக்குட்டி. கன்னுக்குட்டி தேமேன்னு நிக்கும். இவன் முளைக்குச்சியவே புடுங்கிட்டு வந்துருவான்!"

அத்தை சிரித்தார். என் கணவரும் சிரித்தார்.

"மறதி எப்படி?"

"மறதின்னா மறதி, அப்புடி ஒரு மறதி. மோட்டாரப் போட்டுட்டு வெளையாடப் போயிட்டான். கெணத்துல தண்ணி வத்தி, மோட்டாரு பொகைஞ்சு போச்சு. கரண்டியக் காச்சி எடுத்துட்டு வான்னாரு இவங்கப்பா. நாந்தான் வச்சேன். முட்டிக்குக் கீழ வச்சேன், டவுசருக்கு வெளிய தெரிஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் மறக்க மாட்டான்னு."

"அப்புறம் மறக்கலையா?"

"எங்கிட்டு! அடுத்த வாரமே மறுபடி மோட்டாரப் போட்டுட்டுப் போயிட்டான்."

என் கணவர் பேண்டை முழங்கால் வரை சுருட்டி அந்தத் தழும்பை டாக்டரிடம் காட்டினார். "பாத்தீங்களா மேடம், கரண்டி அச்சு அப்புடியே இருக்கு" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து என் கணவர் மெதுவாகப் பேண்டை இறக்கிவிட்டார்.

டாக்டர் இன்னும் நிறையக் கேள்விகள் கேட்டார். இதயத் துடிப்பும் பிரஷரும் பார்த்தார். கடைசியில், இது சேட்டையில்லை, திமிரும் இல்லை, மூளை வேலை செய்யும் விதமே இவருக்கு அப்படி, பிறவியிலிருந்தே இருப்பது என்று சொன்னார். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தால் நன்றாக இருப்பார் என்றார்.

அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப அடிச்சதெல்லாம் வீணா?"

"வீண்தாம்மா."

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அத்தை என் காதருகே சொன்னார். "வீணாமுல்ல! நான் அடிக்காம விட்டிருந்தா இவன் இன்னும் என்னத்துக்கு ஆயிருப்பானோ."

அந்த மாத்திரை எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் புதிதாகச் சீட்டு வாங்கவேண்டும். முதல் மாத்திரையை என் கணவர் திருச்சி பஸ் ஸ்டாண்டிலேயே விழுங்கினார். கீரனூர் தாண்டும்வரை போனைத் தட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டு, முன்சீட்டுக்காரரிடம் வம்பு பேசிக்கொண்டு வழக்கம்போலத்தான் இருந்தார். பிறகு சத்தமில்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். நார்த்தாமலைக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரஞ்சி, இந்த மலைக்கெல்லாம் நடுவுல இவ்வளவு எடம் இருக்கா?"

"நீங்க பொறந்ததுலருந்து போற ரோடுதானங்க."

"நான் பாத்ததே இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள ஒரு எரைச்சல் இருந்துக்கிட்டே இருக்கும். சந்தைக்குள்ள நிக்கிற மாதிரி. அது நின்னுருச்சு. நீங்க எல்லாரும் இப்புடித்தான் இருக்கீங்களா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "சொல்லவே இல்லயே" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்து" என்றார்.

அதற்கு முன் அவர் பார்த்து விட்ட வேலைகளைச் சொல்லி முடியாது. மொபைல் கடை, பால் வண்டி, டூவீலர் ஷோரூம், எல்லா இடத்திலிருந்தும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அன்னவாசலில் சேக் அலாவுதீன் பாயின் லேத் பட்டறையில் சேர்ந்தார். போல்ட்டுக்கு மரை வெட்டுகிற வேலைக்கு ஒரே இடத்தில் நின்று ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும். அதை அவர் செய்தார். ஒருநாள் நான் அந்த வழியாக வந்தபோது பாய் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன மருந்து குடுக்குறீங்க? எம்மவனுக்கும் ரெண்டு குடுங்க, எந்நேரமும் போனுலயே கெடக்கான்" என்றார். பட்டறையே சிரித்தது. என் கணவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். அந்த நாட்களில் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார். படித்து முடித்ததும் மடித்து வைப்பார். மடித்து வைப்பதைப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கும்.

என் நாத்தனார் தேவிப்ரியாவுக்கு இலுப்பூர்ப் பக்கம் ஒரு வரன் பேசி, பூ வைக்கிற அளவுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. திடீரென்று அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தரகர் வந்து சொன்னார்: "பொண்ணோட அண்ணனுக்கு மூளைக் கோளாறாமே. திருச்சியில வைத்தியம் நடக்குதாமே. நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கு வந்தா என்ன பண்றதுன்னு கேக்குறாங்க."

செய்தி எப்படிப் போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நூறு நாள் வேலையில் மண் அள்ளிக்கொண்டே ராக்காயி அத்தைதான் சொல்லியிருந்தார். டாக்டர் தன்னிடம் எவ்வளவு நேரம் பேசினார் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

என் மாமனார் அடைக்கலம் இரண்டு நாள் தெருப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது வண்டிச் சாவியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"பொங்கலுக்கு நம்மூரு வாடில நீ எறங்குற."

"எறங்காம எங்க போவேன்? வருசா வருசம் எறங்குறதுதான."

"இந்த வருசம் இலுப்பூர்க்காரய்ங்களையும் கூப்புட்டு கேலரில உக்கார வைக்கிறேன். அவய்ங்க கண்ணு முன்னாடி நீ மாட்டப் புடிக்கணும். மூளைக் கோளாறு உள்ளவன் மாடு புடிப்பானான்னு நான் அவய்ங்களக் கேக்கணும்."

எங்கள் ஊர் வருடம் முழுக்க என் கணவரைக் குரங்கு என்று கூப்பிடும். ஜல்லிக்கட்டு நாளில் மட்டும் புலி என்று கூப்பிடும். யோசிக்கிறவன் ஒதுங்குகிற மாட்டின்மேல் அவர் யோசிக்காமல் பாய்வார். திமிலைப் பிடித்துவிடுவார். ஆனால் கீழே விழுந்தால் மட்டும் அவருக்கு வினைதான். வாடியில் விழுந்தவன் அசையாமல் கிடக்கவேண்டும். மாடு மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடும், அசைகிறதைத்தான் குத்தும். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். அவரால் கிடக்க முடியாது. எழுந்துவிடுவார். தொடையிலும் விலாவிலும் ஒவ்வொரு வருடமும் ஒரு தையல் உண்டு.

அதனால்தான் இந்த வருடம் அவர் நம்பிக்கையாக இருந்தார். "மாத்திரையப் போட்டுக்கிட்டு எறங்குறேன் ரஞ்சி. மாடு வாரத நிதானமாப் பாக்கலாம். விழுந்தா கெடந்துக்குவேன். இப்ப எனக்குக் கெடக்கத் தெரியும்" என்றார். இதை மாமனாரிடமும் அப்படியே சொன்னார். எதையும் மறைத்துப் பேச வராது அவருக்கு.

"மாத்திரையப் போட்டுக்கிட்டா? வாடிக்கு முன்னாடி டாக்டருங்க செக்கப் பண்ணுவாய்ங்கடா. போதை மாத்திரை போட்டவன்னு கண்டுபுடிச்சு மைக்குல பேரச் சொல்லி வெளிய தள்ளுவாய்ங்க. சம்பந்தக்காரய்ங்க முன்னாடி அந்த அசிங்கமும் படணுமா?"

"அது போதை மாத்திரை இல்லங்க மாமா. டாக்டர் குடுத்தது" என்றேன்.

"நீ பேசாத. ஆஸ்பத்திரி வாசலக் காட்டுனவளே நீதான். முன்னயெல்லாம் மாட்டப் பாத்தா பாய்வான். இப்ப பாரு, நின்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறான், ரேஷன் கடை வாசல்ல நிக்கிற மாதிரி. இந்தக் கருமத்தத் தின்னா இவன் எந்த மாட்டப் புடிப்பான்?"

அத்தை உள்ளேயிருந்து வந்தார். "டாக்டரம்மாவே சொல்லுச்சுல்ல, லீவு நாள்ல போடாட்டாலும் பரவாயில்லன்னு. நானுந்தான் கூட உக்காந்து கேட்டேன். பொங்கலு லீவு நாளுதான?"

டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை. வேலையில்லாமல் வீட்டில் சும்மா இருக்கிற லீவு நாளில் போடாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னார். 'வீட்டில் சும்மா இருக்கிற' என்பதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மாமனார் அதற்குள் அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்துவிட்டார். வாடி முடியட்டும், தருகிறேன் என்றார். என் கணவர் தடுக்கவில்லை. அப்பா கையை ஓங்கினால் இப்போதும் அவருடைய தோள் தானாகவே குறுகும். அது அப்போது குறுகியிருந்தது.

மாத்திரை இல்லாத முதல் வாரத்திலேயே செய்தித்தாள் பாதி படித்தபடி தரையில் கிடக்க ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் பட்டறையிலிருந்து பாய் அவரைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார். லேத்தில் இரும்பைப் பிடித்திருக்கும் 'சக்' என்ற பிடியை முறுக்குவதற்கு ஒரு சாவி உண்டு. முறுக்கியதும் அதைக் கையோடு எடுத்துவிடவேண்டும். எடுக்காமல் மெஷினை ஓட்டியிருக்கிறார். சாவி பறந்துபோய்ச் சுவரில் அடித்திருக்கிறது. நடுவில் ஆள் இல்லை.

"அடைக்கலம் அண்ணே, இவன் நல்ல வேலக்காரன். மருந்தக் குடுத்து அனுப்புங்க. மருந்து இல்லாம மெஷினு பக்கம் இவன விட எனக்குப் பயமா இருக்கு" என்றார் பாய்.

"ஒம்ம மெஷினுக்கு எம்மவன் வேணாம்னா போங்க பாய். எம்மவனுக்கு மருந்து வேணும்னு சொல்ல நீங்க யாரு?"

பாய் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு அந்த வேலை போனது.

டாக்டர் ஞானமணிக்குப் போன் செய்தேன். கிளினிக்கில் எடுத்த பெண், டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் நேரில் வாருங்கள், சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை யாரும் தரமாட்டார்கள் என்றாள். சீட்டும் மாமனாரிடம்தான் இருந்தது. "கெஞ்சிக் கேளுங்களேன்" என்று கணவரிடம் சொன்னேன். கேட்டார். "பொம்பள மாதிரி மாத்திரைக்கு அழுவாதடா" என்று பதில் வந்தது. தேவிப்ரியாவும் கேட்டாள். எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம், அண்ணனிடம் மாத்திரையைக் கொடுங்கள் என்றாள். மாமனார் அவளை அறைந்தார். என்னைத்தான் ஏற்கெனவே பேசாதே என்றாகிவிட்டது. வீட்டில் வேறு யாரும் கேட்க இல்லை.

ஜல்லிக்கட்டு அன்று காலையில் என் கணவர் பரிசோதனைக்கு வரிசையில் நின்றுவிட்டு வெளியே வந்தார். பெயர்போட்ட பனியன் கொடுத்திருந்தார்கள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல. எடை போட்டாய்ங்க, பிரஷரு பாத்தாய்ங்க, வாய ஊதச் சொன்னாய்ங்க. அம்புட்டுதான்."

"மாத்திரையப் பத்தி?"

"நானா சொன்னேன், சார் நான் இந்த மாதிரி மாத்திரை போடுறவன்னு. இப்பப் போட்டுருக்கியான்னாரு. இல்லன்னேன். அப்ப என்ன, போ போன்னுட்டாரு." பிறகு பனியனைத் தடவிக்கொண்டு, "போட்டுருந்தாலும் தெரிஞ்சிருக்காது போல ரஞ்சி" என்றார்.

கேலரியில் இலுப்பூர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் அவர்களுக்குக் கடலை மிட்டாயும் கலரும் வாங்கிக் கொடுத்தார். நானும் தேவிப்ரியாவும் பின்வரிசையில் இருந்தோம். மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "மாடு வருது, மாடு வருது! தொட்டவனுக்கு ஒரு குத்துவிளக்கு, புடிச்சவனுக்கு ஒரு சைக்கிளு, ஓடுறவனுக்கு ஒண்ணுமில்ல, வீட்ல போய் சோறு தின்னு!"

என் கணவர் ஒரு செவலைக் காளையைப் பிடித்தார். சுத்தமான பிடி. கூட்டம் அலறியது. இலுப்பூர்ப் பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். மைக்கில் என் கணவர் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். அத்தோடு வெளியே வந்திருக்கலாம். அவர் கேலரியைப் பார்த்தார். மாமனார் விரலை உயர்த்தி இன்னொன்று என்றார்.

அடுத்து வந்தது கருத்த மாடு, நின்று சுற்றுகிற மாடு. பழகியவர்கள் எல்லாம் தடுப்புக் கட்டையில் ஏறிக்கொண்டார்கள். அவர் பாய்ந்தார். திமிலில் கை பட்டது. மாடு ஓர் உதறு உதறியதில், தரையில் பரப்பியிருந்த தென்னைநார்த் தூளில் குப்புற விழுந்தார்.

"கெட! கெட! எந்திரிக்காத!" என்று கட்டைமேல் இருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

அவர் கிடந்தார். அதை நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். அவர் கிடக்கத்தான் முயன்றார். இரண்டு கைகளாலும் அந்தத் தூளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். மாடு தலையைத் தாழ்த்தி அவர் முதுகை மோந்தது. தாண்டிப் போகத் திரும்பவும் செய்தது. அப்போது அவருடைய வலது பாதம் ஆட ஆரம்பித்தது. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் தானாக ஆடுமே, அப்படி. பிறகு, ஏதோ மறந்துவிட்டது திடீரென்று ஞாபகம் வந்தவர்போல, முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் ஊர்வலமாகத்தான் கொண்டுவந்தார்கள். பக்கத்து ஊர் மாடுபிடி வீரர்கள் எல்லாம் பனியன் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். செவலைக் காளையைப் பிடித்து ஜெயித்த சைக்கிளையும் யாரோ தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். ஊர் முகப்பில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவர் மீசையை முறுக்கியிருந்தார். அவர் மீசையை முறுக்கி நான் பார்த்ததில்லை, கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். வாசகத்தில் மாவீரன் என்று இருந்தது.

கருமாதிக்கு இலுப்பூர்க்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஆளத் தெரியாம பேசிட்டோம். அம்புட்டுப் பெரிய மாட்டு மேல பாய எவனுக்கு நெஞ்சு இருக்கு? இந்த மாதிரி ஒரு வீட்டுல சம்பந்தம் பண்ணலன்னா எங்களுக்குத்தான் கேவலம். வருசம் திரும்புறதுக்குள்ள வச்சுக்குவோம்."

மாமனார் அழுதார். அழுதுகொண்டே ஊர்க்காரர்களைச் சுற்றிப் பார்த்தார். "எம்மவன் ஆஸ்பத்திரில மருந்து தின்னு சாகல. மாடு குத்திச் செத்தான். இனிமே எவனாச்சும் சொல்லட்டும், எங்க பரம்பரைல மூளைக் கோளாறுன்னு."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் உள்ளேயிருந்து எழுந்து வந்தேன். வரக்கூடாது என்று ஒருத்தி கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால் நின்று, சத்தம் போடாமல், வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். "அவருக்கு ஏடிஹெச்டி இருந்துச்சுங்க. மருந்து சாப்பிட்டா அசையாம கெடந்திருப்பாரு. கெடந்திருந்தா மாடு போயிருக்கும். உங்ககிட்ட காட்டுறதுக்காக அந்த மருந்தைப் புடுங்கி வச்சுக்கிட்டாங்க. அது இப்பவும் இந்த வீட்டுலதான் இருக்கு."

மாப்பிள்ளையின் அப்பா தரையைப் பார்த்தார். தேவிப்ரியா மட்டும், "அண்ணி சொல்றது நெசந்தான்" என்றாள். அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

பெரியவர்களில் ராக்காயி அத்தைதான் முதலில் பேசினார். வந்தவர்களைப் பார்த்து, மிகவும் இரக்கமான குரலில்: "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. புருசன் போனதுலருந்து இவ இப்புடித்தான் என்னென்னமோ பேசுறா. புத்தி பேதலிச்சுப் போச்சு. திருச்சியில ஒரு டாக்டரம்மா இருக்கு, அதுக்கிட்ட கொண்டுபோயிக் காட்டணும்."

"பாவம், சின்ன வயசு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நிம்மதியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளே என்னை என் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் நான் இருப்பது சரியில்லை என்றார்கள். மாமனார் என் பெட்டியை வண்டியில் கட்டி, என்னைப் பின்னால் உட்கார வைத்து பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனார். ஊர் முகப்பில் வண்டியை நிறுத்தினார். ஃபிளெக்ஸின் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கிப் போய், அதைச் சுருக்கமில்லாமல் இழுத்து, மூங்கிலில் இரண்டு முடிச்சாகக் கட்டினார். தள்ளி நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வந்து வண்டியை எடுத்தார்.